அண்ணாந்தாளின் தோள்

கட்டட வேலையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வரவில்லை என்றால் அவர் இன்னும் ஒழுங்காக வேலைக்குச் சேரவில்லை என்று அர்த்தம். இவளுக்கு வேலைக்கு வந்த வருஷமே அது கிடைத்துவிட்டது: அண்ணாந்தாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் மனுஷர்களைப் பார்க்குமுன் கூரையைப் பார்ப்பாள். மாமியார் வீட்டில் முதல் தடவையாகக் காலெடுத்து வைத்தபோதும் அப்படித்தான். எல்லாரும் மருமகள் முகத்தைப் பார்க்கக் காத்திருக்க, அவள் மோவாயைத் தூக்கி, "பூச்சு வெடிச்சிருக்கு. பூசினப்புறம் சரியா தண்ணி காட்டல" என்றாள். மாமியார் அதை இன்றுவரை மறக்கவில்லை. "என் மூஞ்சிய பாக்குறதுக்கு முந்தி என் வீட்டுக் குறைய பாத்தவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்கிறவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கலவைச் சட்டி சுமக்க வந்தவள்தான். சட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் பூசுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "என்னம்மா, சினிமாவா ஓடுது?" என்று மேஸ்திரி அதட்டுவார். ஒருநாள் ஆள் வராமல் வேலை நின்று, மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் பூச்சுக் கரண்டியைக் கையில் எடுத்தாள். மறுநாள் மேஸ்திரி அவள் பூசிய சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சட்டி தூக்க வேறு ஆள் பிடித்தார். அவர் பாராட்டுகிற விதம் அது.

சுவர் பூச ஆள் கிடைக்கும். கூரை பூசத்தான் கிடைக்காது. சுவரில் அப்பிய கலவை நழுவினால் காலில் விழும், கூரையில் அப்பியது நழுவினால் கண்ணில் விழும். நாள் முழுக்கக் கழுத்தை மடக்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே நிற்க வேண்டும். அந்த வேலைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூரைக்குச் சாரம் ஏறுகிறவர் தலையில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டுதான் ஏறுவார். இறங்கும்போது எல்லாரும் அந்தத் துண்டைத்தான் பார்ப்பார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அன்றைக்கு அவர் ராஜா. கலவை சொட்டியிருந்தால் அந்த வாரம் முழுக்க அவரை வறுத்தெடுத்துவிடுவார்கள். அண்ணாந்தாளின் துண்டு இப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த மாதிரி இறங்கும்.

அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடி கட்டட உலகத்தில் இருக்க முடியாது. இவள் பூசுவாள், அவன் உடைப்பான். அவள் பூசி முடித்து ஈரம்கூடக் காயாத சுவரில் அவன் உளியை வைத்ததில்தான் இருவருக்கும் பழக்கமே ஏற்பட்டது. "யோவ், கையை எடு!" என்பதுதான் அவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் 'ஏங்க' என்பாள். சைட்டில் இன்றும் 'யோவ்'தான்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் வினை ஒரு கம்பி வலையாக வந்தது. செங்கல்லும் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் பூச்சு வெடிக்காமல் இருக்க அடிப்பார்களே, அந்த வலை. அதன் முனை ஒன்று அவள் வலது தோளில் கீறிவிட்டது. நகம் பட்ட அளவுக்கு ஒரு கீறல். தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

காயம் ஆறியது. ஆறியதோடு நிற்கவில்லை, ஆறிக்கொண்டே போனது. கீறல் இருந்த இடத்தில் சின்ன மேடு எழும்பியது. மேடு சிவந்து, பளபளத்து, கல்லாட்டம் கெட்டியாகி, கீறலே படாத நல்ல தோலுக்கும் பரவத் தொடங்கியது. ஓயாத அரிப்பு. கையைத் தூக்கினால் உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல வலி. மாமியார் தன் பங்குக்கு, "கண்ணு பட்டிருக்கும்டி. கூரை வரைக்கும் ஏறினா கண்ணு படாம என்ன செய்யும்?" என்றார். சட்டி சுமக்கிற பெண்ணொருத்தி, அதுவரை அவளோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவள், தனக்கென்று தனியாக ஒன்று கொண்டுவர ஆரம்பித்தாள். கேட்டதற்கு, "இல்லக்கா, எனக்கு சளி" என்றாள். அந்தச் சளி மாதக்கணக்கில் தீரவில்லை.

அண்ணாந்தாள் தன் தொழிலில் கற்றதைத் தன் உடம்பிலும் செய்து பார்த்தாள். சுவரில் புடைப்பு இருந்தால் பூச்சுக்காரர் என்ன செய்வார்? கொத்தி எறிந்துவிட்டு மேலே மட்டமாக ஒரு பூச்சு. அவ்வளவுதானே! பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போய், "வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்றாள். வெட்டினால் மட்டும் போதாது, தையல் பிரித்த பிறகு ஊசிக்கு வர வேண்டும் என்று அவர் சொன்னார். அவளும் பலமாகத் தலையாட்டினாள். தையல் பிரித்ததும் தோள் மட்டப்பலகை வைத்துப் பார்த்ததுபோல இருந்தது. வேலை முடிந்த சுவருக்கு மறுபடியும் எதற்குப் போக வேண்டும்? அவள் போகவில்லை.

பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. மேடு திரும்பி வந்தது. வந்தது மட்டுமா, தையல் போட்ட நீளம் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு, முன்பைவிடப் பெரிதாக உட்கார்ந்துகொண்டது. இப்போது அவளால் வலது கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை.

அந்த நேரம் மேஸ்திரி கையில் வாழ்நாளில் ஒருமுறை வருகிற வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. புதிய நூலகத்தின் வாசிப்பு மண்டபம். வில்லாக வளைந்த கூரை, இரண்டு பக்கமும் ஆளுயரத்தைத் தாண்டிய ஜன்னல்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது கூரையில் பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேர்ந்த ஒட்டு மயிரிழை அளவு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முழுக் கூரையையும் ஒரே மூச்சில், ஒரே நாளில் பூச வேண்டும். வரிசையாகப் பலர் நின்று ஒரே கையாக நகர வேண்டும், முன்னால் ஒருவர் நடத்த வேண்டும். அந்த இடம் அண்ணாந்தாளுக்கு என்று மேஸ்திரி எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே அவள் அந்தக் கூரையை மனசுக்குள் பூசிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இல்லாத கூரையை நினைத்து ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவளை மற்றவர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

இப்போது மேஸ்திரி அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "இந்தாம்மா, கொஞ்ச நாள் கீழ் வேலை பாரு. கூரை வர்றதுக்கு இன்னும் நெறைய மாசம் கெடக்கு. வழுக்கையை வெச்சு ஒப்பேத்திக்கலாம்."

வழுக்கை என்பவர் இன்னொரு கூரைக்காரர். கைத்திறன் உண்டு, வாய் அதைவிட அதிகம். "தங்கச்சிக்கு ஓய்வு குடுங்க மேஸ்திரி. அண்ணாந்து அண்ணாந்து தோள்லயே ஒரு கூரை முளைச்சிடுச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். பிறகு தரையோரம் குந்தி உட்கார்ந்து, சுவரின் அடிப்பட்டையைப் பூசினாள். அண்ணாந்தாள் குனிந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. கலவைத் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது புருஷன்தான். தோல் டாக்டர் ஒரு பெண், நரை எட்டிப் பார்க்கிற வயசு. தழும்பை அழுத்திப் பார்த்தார், ஓரங்களைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையால் சுவரைப் பார்க்கிற மேஸ்திரியின் ஞாபகம் அவளுக்கு வந்தது.

"புத்துநோயா டாக்டர்?"

"இல்ல."

"மத்தவங்களுக்கு ஒட்டுமா?"

"ஒட்டவே ஒட்டாது. இது கீலாய்டு. தழும்புதான், நிறுத்தத் தெரியாத தழும்பு."

"கெட்ட சதை எதுக்கு டாக்டர் இப்படி வளருது?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கெட்டது எதுவும் இல்ல. நல்லது பண்ண வந்தவங்கதான் படுத்துறாங்க. உடம்புல காயம் பட்டா மொதல்ல எதிர்ப்புச் சக்தி அணுக்கள் ஓடி வரும். கிருமி இருந்தா அழிக்கும், செத்த சதைய அள்ளிப் போடும். அப்புறம் தழும்பு கட்டுற அணுக்களுக்கு, 'வாங்க, வேலைய ஆரம்பிங்க'ன்னு சேதி அனுப்பும். அவங்க வந்து நார் நாரா அடுக்கி காயத்த மூடுவாங்க. மூடினதும் எதிர்ப்பு அணுக்கள் சேதிய நிறுத்திட்டு கலைஞ்சு போகணும். உங்க தோள்ல கலையல. காயம் இன்னும் தொறந்திருக்குன்னே நெனச்சு சேதி அனுப்பிக்கிட்டே இருக்கு. அவங்களும் கட்டிக்கிட்டே இருக்காங்க. உங்களுக்கு இருக்கிற அரிப்புகூட அந்தக் கூட்டத்தோட வேலைதான்."

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"சிலர் உடம்பு வாகு அப்படி. குடும்பத்துல தொடர்ந்தும் வரும். தோள், நெஞ்சு, காது மாதிரி இடத்துல அதிகம். முழுக் காரணம் எங்களுக்கே இன்னும் பிடிபடல."

"வெட்டி எடுத்தேனே டாக்டர். அதுக்கு மேலயும் ஏன் வந்துச்சு?"

"வெட்டினதும் ஒரு காயம்தானே? சேதி அனுப்புறவங்க அங்கேயே நிக்கிறாங்க. இன்னும் பெரிய காயம் வந்துடுச்சுன்னு இன்னும் நெறைய பேரைக் கூப்பிட்டுட்டாங்க."

அண்ணாந்தாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். டாக்டர் திகைத்தார், புருஷன் வெலவெலத்துப் போனான்.

விஷயம் இதுதான். அவள் சட்டி சுமந்த காலத்தில் மேஸ்திரி தன் மச்சான் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் பூசிக்கிட்டே இருங்க, எவனும் சும்மா உக்காரக் கூடாது" என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார். கல்யாண வீட்டில் தங்கிவிட்டார். ஆட்களோ விசுவாசமானவர்கள். சுவர் முடிந்துவிட்டது. சும்மா உட்காரப் பயந்து அதன் மேலேயே இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. மேஸ்திரி திரும்பி வந்தபோது ஜன்னல் கதவைத் திறக்கவே முடியவில்லை, சுவர் அவ்வளவு தடித்திருந்தது. கோபத்தில் மேஸ்திரி தானே உளியை எடுத்துக் கொத்தித் தள்ளிவிட்டு, யாரிடமும் பேசாமல் விறுவிறுவென்று போய்விட்டார். மறுநாள் காலை ஆட்கள் வந்து பார்த்தார்கள். சுவரெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஐயோ பாவம் என்று மறுபடியும் பூசினார்கள், முன்பைவிடத் தடியாக.

கதையைக் கேட்டு டாக்டரும் சிரித்தார். "இதேதாங்க. இத விட நல்லா என்னால சொல்ல முடியாது."

"அப்ப கொத்தினது தப்பில்ல டாக்டர். ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பாம கொத்தினதுதான் தப்பு."

"ஆமா. நான் அனுப்புறதுக்கு ஊசி வெச்சிருக்கேன். தழும்புக்குள்ளேயே போடுவேன், அந்தக் கூட்டத்தை அடக்குற மருந்து. சில வாரத்துக்கு ஒரு தடவை வரணும். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல சிலிக்கான் பட்டை ஒட்டிக்கணும். தட்டையாயிடும்னு நம்புறேன். அடையாளம் இருக்கும். மறுபடியும் தலைதூக்கவும் பாக்கும், அதனால நீங்களா நிறுத்தக் கூடாது."

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நோய் இன்னும் அப்படியே தோளில்தான் இருந்தது, ஆனாலும் சந்தோஷம். உடம்பு தன்னைக் கைவிட்டுவிட்டது என்று இத்தனை நாள் அதைத் திட்டித் தீர்த்திருந்தாள். அது கைவிடவே இல்லை. விசுவாசம் முற்றிப்போய்த் தொல்லை கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஊசி வலித்தது. கெட்டிப்பட்ட அந்தத் தழும்புக்குள் மருந்து இறங்கும்போது அவள் புருஷனின் கையைப் பிடித்து நெரித்த நெரிப்பில், அன்று முழுக்க அவனால் ஸ்க்ரூடிரைவரைத் திருக முடியவில்லை. "உனக்கு ஊசி, எனக்கு மாவுக்கட்டு" என்று புலம்பினான். தினமும் பட்டை ஒட்டிவிடுவது அவன் பொறுப்பு. தொழில் பழக்கத்தில் முதல் நாள் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "ஏங்க, நான் என்ன அறுந்து போன வயரா?" என்று அவள் கேட்டதும் அதை மறைத்துக்கொண்டு போனான்.

முதலில் அரிப்பு நின்றது. அரிப்பில்லாமல் கண்விழித்த முதல் காலையில், எதையோ மறந்துவிட்டதுபோல அவள் வீடு முழுக்கத் தேடிக்கொண்டு திரிந்தாள். பிறகு சிவப்பு வடிந்தது. கல் மெல்ல மெல்லக் களிமண்ணாகி, மேடு தணியத் தொடங்கியது. கை எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கப் புருஷன் ஒரு வழி கண்டுபிடித்தான். டீத்தூள் டப்பாவை அலமாரியில் ஒவ்வொரு தட்டாக மேலே ஏற்றினான். வலது கையால்தான் எடுக்க வேண்டும், எடுக்க முடியாவிட்டால் அன்றைக்கு டீ இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது மாமியார்தான். "புருஷன் பொண்டாட்டி வெளையாட்டுக்கு என் டீதான் கெடச்சுதா?" என்று கத்தினார். ஆனால் டப்பா உச்சித் தட்டுக்குப் போன அன்று, பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவரும் அவர்தான். மருமகள் விரல் நுனியால் டப்பாவைத் தட்டி, பிடித்து, கீழே இறக்கினாள். "அம்மாடி!" என்று மாமியார் அவள் கன்னத்தைக் கிள்ளினார். அன்றைக்கு டீயும் அவரே போட்டார்.

தோள் கிட்டத்தட்டத் தட்டையானபோது பழைய புத்தி எட்டிப் பார்த்தது. வேலை நெருக்கடி வேறு. "இந்தத் தடவை ஊசிக்குப் போகலன்னா என்னங்க? மட்டமாத்தானே இருக்கு" என்றாள்.

அவன் வயரைச் சுற்றிக்கொண்டே, "ஏன், மேஸ்திரி கல்யாணத்துக்குப் போயிட்டாரா?" என்றான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மண்டபத்தில் கூரைப் பூச்சுக்கு நாள் குறித்தார்கள். அவள் மேஸ்திரி முன்னால் போய் நின்றாள். "என் கூரைய எனக்குக் குடுங்க."

மேஸ்திரி தயங்கினார். "பாதியில கை விழுந்துச்சுன்னா மொத்தக் கூரையும் போச்சும்மா. ஒட்டு விழுந்தா ஒட்டு விழுந்ததுதான்."

"மாடிப்படிக்கு அடியில இன்னும் பூசல. அங்க பாருங்க. கை விழுந்தா நானே அடிப்பட்டைக்குப் போயிடறேன்."

படிக்கு அடியில் பூசுவது கூரையைவிடக் கஷ்டம். சரிவு, நெருக்கம், கையை நீட்டவும் முடியாது மடக்கவும் முடியாது. அவள் பையிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையில் கட்டினாள். அவரவர் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்து கூடினார்கள். வழுக்கை முன்வரிசையில் நின்றார்.

வலது கை உயர்ந்தது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி. முதல் கலவை மேலே அறைந்து ஒட்டியது. விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. அவள் இழுத்துத் தேய்க்க, தேய்ப்புக் கட்டை சுற்றிச் சுற்றி வர, சரிவு முழுக்க ஒரே தோலாக மூடிக்கொண்டு வந்தது. இறங்கி வந்து தலையைக் குனிந்து காட்டினாள். துண்டு பளிச்சென்று இருந்தது.

வழுக்கைதான் முதலில் வாயைத் திறந்தார். "மேஸ்திரி, தங்கச்சி முன்னால நிக்கட்டும். நான் ரெண்டாவதா நிக்கிறேன்." பிறகு அவளிடம், "தோள்ல முளைச்ச கூரைய எங்கம்மா இறக்கி வெச்ச?" என்றார்.

"உங்க தலையில பூசலாம்னு இருக்கேண்ணே, எடம் சும்மாத்தானே கெடக்கு" என்றாள். அன்று வெடித்த சிரிப்பில் வழுக்கையின் சத்தம்தான் பெரிது. தனிப் பாட்டில் கொண்டுவந்த பெண் தன் பாட்டிலை நீட்டினாள். அண்ணாந்தாள் வாங்கிக் குடித்தாள், "சளி போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு.

மண்டபத்தில் விடிந்ததும் ஏறினார்கள். வெள்ளைத் துண்டுகள் சாரத்தில் ஒரே வரிசையாக நின்றன. அவள் அடி எடுத்து வைத்தால் வரிசை அடி எடுத்து வைத்தது. அவள் கை போன வேகத்துக்கு எல்லார் கையும் போனது. கீழே கலவை குழைக்கிறவர்களுக்கு மூச்சு முட்டியது. மத்தியானம் யாரும் உட்காரவில்லை, வாயில் ஊட்டிவிட்டதை விழுங்கிக்கொண்டே பூசினார்கள். தோள் களைத்தது. ஆனால் அது வேலை செய்த களைப்பு, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பழைய களைப்பு. அவளுக்கு அது இனித்தது.

வெயில் சாய்ந்து ஜன்னல் வழியே உள்ளே வந்தபோது கடைசி மூலையும் மூடியிருந்தது. வெளிச்சம் கூரையில் குறுக்காக ஓடியது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வழுக்கிக்கொண்டே போனது, எங்கேயும் தடுக்கவில்லை. ஒட்டு இல்லை. கீழே மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

ஆனால் நல்ல வேலைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கை நிற்காது. வரிசையில் ஒருவர், "அந்த ஓரத்துல இன்னும் லேசா ஒரு தேய்" என்று கட்டையைத் தூக்கினார். இன்னொருவர் கலவைக்குக் குரல் கொடுத்தார். வழுக்கையின் கரண்டியும் மேலே போய்விட்டது. இறுகத் தொடங்கிய பூச்சில் ஒரு இழுப்பு அதிகமானால் போதும், வடு விழுந்துவிடும்.

"நிறுத்துங்க!" என்றாள் அண்ணாந்தாள். மண்டபம் முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது. "காயம் மூடிடுச்சு. இனிமே யாரு தொட்டாலும் கெடும். எல்லாரும் கை எடுங்க. வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. காயம் என்று ஏன் சொன்னாள் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் தரையில் கருவிப் பையோடு நின்றுகொண்டிருந்தான். அவள் இறங்கி வந்ததும் முதலில் துண்டைப் பார்த்தான், வெள்ளை. பிறகு முகத்தை ரொம்பவும் பவ்யமாக வைத்துக்கொண்டு உளியை எடுத்தான்.

"ஒண்ணுமில்ல, ஒரே ஒரு ஃபேன் பாயின்ட் விட்டுப்போச்சு. நட்ட நடுவுல சின்னதா ஒரு ஓட்டை..."

"யோவ், கையை எடு!"

சொல்லிக்கொண்டே கரண்டியோடு வலது கையை ஓங்கினாள். அது எங்கும் பிடிக்காமல், எங்கும் இழுக்காமல், தலைக்கு மேலே நேராகப் போய் நின்றது. அவள் கையைக் கீழே இறக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டு அதையே பார்த்தான், அண்ணாந்து.